ஒற்றிக்கு வந்த வாழ்வு

திருவொற்றியூர் தேரடியிலிருந்து காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக ராயபுரம் வரைக்கும் சந்து சந்தாக நடந்தால், சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும்: 'வீடு லீசுக்கு.' ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துக் குடியேறலாம். மாத வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் அதே தொகையைத் திருப்பித் தருவார். குடியிருந்தவர் சாவியைக் கொடுப்பார். கொடுத்த பணத்துக்கு வட்டி இல்லை, இருந்த வீட்டுக்கு வாடகை இல்லை. இந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக ஒரு பெயர் இருக்கிறது: ஒற்றி. தென்மாவட்டங்களில் இன்றைக்கும் 'ஒத்திக்கு வீடு பிடிச்சிருக்கோம்' என்பார்கள். மலையாளத்தில் 'ஒற்றி' அப்படியே வாழ்கிறது. மலபாரின் நில உரிமை முறைகளை 1887-இல் விரிவாக எழுதிவைத்த வில்லியம் லோகன் அதைத் தனியாகவே விளக்கியிருக்கிறார். அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட ஊரில்தான் அது 'லீசு' ஆகிவிட்டது.

ஊர்ப்பெயர்கள் இப்படி நிறம் மாறுவது வடசென்னைக்குப் புதிதல்ல. காலடிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய காலடியும் அதில் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு அது. காலெட்பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டையாகி, பொருளும் தேடிக்கொண்டது. ஒற்றியூரின் கதை இதைவிடப் பழையது, சிக்கலானது. அந்தச் சிக்கலுக்குள் வாழ்க்கையைப் பற்றிய ஒரு பழைய வழக்கே அடங்கியிருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

'ஒற்று' என்ற வினை தமிழில் மெல்லிய வேலைகளைச் செய்யும். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வீங்கிய இடத்தில் வெந்நீர்த் துணியை ஒற்றி எடுப்பது ஒற்றடம், பேச்சில் ஒத்தடம். உயிரோடு ஒட்டி நிற்கும் மெய்யெழுத்து ஒற்று. பகைவர் நாட்டில் ஒட்டிக்கிடந்து செய்தி அறிபவன் ஒற்றன். வள்ளுவர் ஓர் அதிகாரமே அவனுக்குக் கொடுத்தார். தொடுதல், ஒட்டுதல், அழுத்துதல் எல்லாம் இந்த ஒரு வினைக்குள் உண்டு. அதே வினைக்கு எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருக்கிறது. 'கொஞ்சம் ஒத்திப் போ' என்றால் விலகிப்போ, இடம் விடு என்று பொருள். ஒட்டுவதும் ஒதுங்குவதும் ஒரே சொல்லில்.

ஊரின் தலபுராணம் இந்த இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டது. ஊழிக் காலத்தில் பொங்கி வந்த வெள்ளத்தை இறைவன் ஒற்றி நிறுத்தினார், அதாவது விலகிப்போகச் செய்தார், ஆகவே ஒற்றியூர். படைப்புக்கு முன்பே இருந்த ஊர் என்பதால் ஆதிபுரி என்ற பெயரும் சேர்ந்தது. கடல் சாலையைத் தின்று, குடிசைகளைத் தின்று, கருங்கல் தடுப்புகளைத் தாண்டி வந்துகொண்டிருக்கும் கரையில், கடல் ஒதுங்கிப் போன கதை ஏன் நிலைத்தது என்பது அங்கே நிற்பவருக்குப் புரியும். துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் அவற்றுக்கு வடக்கே மணல் சேராமல் கரை அரிபட்டுக்கொண்டே போனதை ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான குப்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன.

ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்ட பழைய தமிழர் காதில் முதலில் விழுந்தது அடமானம்தான் என்று எண்ணுகிறேன். அதற்குச் சாட்சி சுந்தரர். காஞ்சிபுரத்தில் ஓணகாந்தன்தளி என்ற கோவிலில் அவர் இறைவனிடம் பொன் கேட்டுப் பாடிய பதிகம் ஒன்று இருக்கிறது. கேட்கிற தொனியே தனி. உரிமையோடு வம்புக்கு இழுக்கும் தொனி. உமக்கென்று என்ன இருக்கிறது, ஆரூர் யாருடைய ஊரோ, ஒற்றியூர் என்றாலோ அது உம்முடையதே இல்லை என்று சீண்டுகிறார். அடகில் இருக்கும் ஊர் சொந்த ஊராகுமா என்பதுதான் அந்தச் சீண்டலின் உள்ளே இருக்கும் கேள்வி. கேட்டவர் சிரித்திருப்பார்கள் என்றால், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒற்றி என்றதும் அடமானம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் பொருள். ஆயிரம் ஆண்டு கழித்து, ஏழுகிணற்று வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்துபோன வள்ளலாரும் இதே பெயரை வைத்து இங்கிதமாலையில் விளையாடியிருக்கிறார்.

ஆதிபுரிக்கும் இங்கே ஒரு வழி திறக்கிறது. வடமொழியில் 'ஆதி' என்ற ஒலியில் நமக்கு இரண்டு சொற்கள் வந்து சேர்கின்றன. ஒன்று தொடக்கம் என்னும் ஆதி. மற்றொன்று தகரத்தை மூச்சோடு அழுத்திச் சொல்லும் ஆதி. அதற்கு அடமானம் என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். ஒற்றியூரை வடமொழியாக்கிய யாரோ ஒருவர் அடமானப் பொருளிலேயே ஆதிபுரி என்று எழுதியிருக்க, பின்னால் வந்தவர்கள் அதைத் தொடக்கம் என்று படித்து ஊழி வெள்ளக் கதையை அதனோடு சேர்த்தார்கள் என்பது என் துணிபு. மொழிபெயர்ப்பு அத்தனை நேராகப் பொருந்தும்போது வேறு விளக்கம் தேட எனக்குத் தோன்றவில்லை.

அடமானம் என்னும் அந்த ஆதியைத் தருமசாத்திர நூல்கள் இரண்டு வகையாகப் பிரித்தன. காக்கப்படவேண்டியது ஒன்று, அதன் பெயர் கோப்பியம். நகை அப்படி: கடன் கொடுத்தவர் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும், எடுத்து அணிந்தால் வட்டி கேட்கும் உரிமை போய்விடும். அனுபவிக்கப்படவேண்டியது மற்றொன்று, அதன் பெயர் போக்கியம். நிலம், வீடு, பழமரம் அப்படி: உழுது, குடியிருந்து, பறித்துத் தின்று வரும் பலனே கடனுக்கு வட்டி. நம் பத்திர எழுத்தர்கள் இன்றும் எழுதும் 'போக்கியம்' இதுதான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் இதையே சுவாதீன அடமானமாக வரையறுத்தது. தமிழின் அடகு அந்தப் பூட்டிய பெட்டி. தமிழின் ஒற்றி இந்தக் குடியிருக்கும் வீடு.

இரண்டிலும் பொருள் நமதல்ல. இரண்டிலும் ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆனால் அடகில் வாங்கியவன் அதைத் தொடக்கூடாது. ஒற்றியில் வாங்கியவன் அதைத் தரிசாகப் போட்டுவைத்தால் நட்டம் அவனுக்கே. பயிரிடாமல் விட்ட பருவத்துக்கு வட்டி என்று எதுவும் வரவில்லை. பணம் சும்மா கிடந்தது. உயிர் நமக்கு எந்த வகையில் வந்திருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் அதை அடகு நகையாகவே வைத்துக்கொள்கிறோம். கீறல் விழக்கூடாது, எடை குறையக்கூடாது, ஒருநாள் அப்படியே கொடுக்கவேண்டும். பாதுகாப்பாக வாழ்வது என்று இதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். அது ஒற்றிக்கு வந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. உடையவர் எந்த நாளும் வந்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரை ஒவ்வொரு பருவமும் உழவேண்டும்.

இதே வினையிலிருந்துதான் 'ஒத்திவை' என்பதும் வந்தது. சட்டமன்றத்தைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கிறார்கள், வழக்கை ஒத்திவைக்கிறார்கள். தள்ளி வைப்பதும் அடமானம் வைப்பதும் ஒரே வடிவச் சொல்லில் வந்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். பிள்ளைகள் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், ஓய்வூதியம் வரட்டும் என்று வாழ்வை ஒத்திவைக்கிற எவரும் அந்த இரண்டு பொருளையும் ஒருசேர அனுபவிக்கிறார்.

இனி ஒற்றியூரின் மனிதர்களுக்கு வருகிறேன். முதலில் அந்த ஊரைச் சீண்டிய சுந்தரரே. அவருடைய திருமணத்தில் வந்து நின்ற முதியவர் ஓர் ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்று வழக்காடி வென்ற கதை எல்லாருக்கும் தெரியும். ஆவணத்தால் பிடிக்கப்பட்டவர் அவர். ஒற்றியூரில் நடந்ததும் ஒருவகையில் ஆவணத் தகராறுதான்.

சங்கிலி என்ற பெண் ஞாயிறு என்ற ஊரைச் சேர்ந்தவள். பொன்னேரிப் பக்கத்தில் அந்த ஊர் இப்போதும் அந்தப் பெயரோடு இருக்கிறது. சிவனடியாரைத் தவிர யாரையும் மணப்பதில்லை என்று தீர்மானித்து, வந்த வரன்களை விலக்கி, பெற்றோர் அமைத்துக்கொடுத்த கன்னிமாடத்தில் ஒற்றியூரிலேயே தங்கி, கோவிலுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரர் அவளைப் பார்க்கிறார். திருவாரூரில் மனைவி பரவை காத்திருப்பது அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சூளுரைத்தால் சம்மதம் என்பது சங்கிலியின் பதில். இங்கேதான் சுந்தரர் பாதுகாப்பான வழி ஒன்றைத் தேடுகிறார். நான் சன்னதியில் வந்து சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே ஏற்பாடு செய்கிறார். சத்தியம் செய்தாகவும் வேண்டும், அது கட்டவும் கூடாது. இறைவன் சரி என்கிறார். பிறகு சங்கிலியின் கனவில் போய், மகிழடியில் சத்தியம் செய்யச் சொல் என்கிறார். விடிந்ததும் சங்கிலியின் தோழியர், இறைவன் சன்னதியில் இதற்காகச் சூளுரைப்பது தகாது, மகிழின் கீழே போதும் என்கிறார்கள். சுந்தரர் தப்பிக்க வைத்த கதவே பூட்டாகிவிட்டது. அங்கேயே சத்தியம் செய்கிறார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்துகிறார்கள்; கூட்டம் நெருக்கித் தள்ளும்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே சிரித்துவிட்டு நிறுத்துவார்கள். இதைப் பாடிவைத்த சேக்கிழார் நிறுத்தவில்லை. வசந்தம் வருகிறது, ஆரூர் விழா நினைவு வருகிறது, சுந்தரர் கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சத்தியம் மீறிய அவருக்கு இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. திரும்பி வந்துவிடலாம். ஒற்றியூர் பின்னால் ஓரடி தூரத்தில் இருக்கிறது. அவர் முன்னே நடக்கிறார். திருமுல்லைவாயில், பிறகு வெண்பாக்கம். அங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும்.  காஞ்சியில் ஒரு கண் திரும்பக் கிடைத்தது, ஆரூரில் மறு கண். பேரத்தில் தொடங்கியவர், இழப்பு எவ்வளவு என்று தெரிந்தபின் பேரம் பேசாமல் நடந்தார் என்பதே இந்தக் கதையில் எனக்குப் பெரிது. மகிழடியில் நின்ற சுந்தரரும் கண்ணில்லாமல் திருமுல்லைவாயிலுக்கு வழி கேட்டு நடந்த சுந்தரரும் ஒரே ஆளாகத் தோன்றவில்லை.

ஆனால் சங்கிலி? தன்னை முழுதாக ஈடு வைத்தவள் அவள். வந்த வரன்களை மறுத்தபோதும், தனியாக மாடத்தில் வாழ வந்தபோதும், உறுதி கேட்டு மணந்தபோதும் அவள் எதையும் கைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. விலை கொடுத்தவளும் அவளே. துணிந்து வாழ்ந்தவர்களைப் பாராட்டும்போது, அந்தத் துணிச்சலின் கணக்கை யார் வாசலில் வைத்தார்கள் என்று பார்த்தே ஆகவேண்டும்.

கலிய நாயனார் கதையில் இந்தக் கேள்வி கத்தியாகவே நிற்கிறது. ஒற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் செக்கு வைத்து ஆட்டிய செல்வர். கோவிலில் உள்ளும் புறமும் விளக்கேற்றுவது அவர் தொண்டு. செல்வம் போயிற்று, பிறர் செக்கில் கூலிக்கு ஆட்டினார். கூலியும் நின்றது, வீட்டுப் பொருள்களை விற்றார், வீட்டை விற்றார். பிறகு மனைவியை விற்க ஊரெங்கும் அலைந்தார். வாங்குவாரில்லை. கடைசியில் அகல்களை வரிசையாக வைத்து, எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தை ஊற்றக் கழுத்தை அரியத் தொடங்கியபோது இறைவன் கையைப் பிடித்தார் என்பது புராணம். செக்கையும் வீட்டையும் தன் கழுத்தையும் ஈடாக வைத்த மனிதனின் வேகம் என்னை அசைக்கிறது. மனைவியை விற்கப் போன இடத்தில் என்னால் அவரோடு போக முடியவில்லை. பக்தியின் எல்லை என்று உரைகாரர்கள் சொல்லலாம். தனதல்லாத உயிரை ஒற்றி வைக்க எவருக்கும் உரிமை இல்லை. அந்த ஆவணத்தில் அந்த அம்மையாரின் ஒப்பம் எங்கும் இல்லை.

இது பழங்கதையோடு முடியவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடிவந்தார்கள். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்துப்போயிருந்தன. 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், எர்ணாவூர்க் கரையில் வாளியோடு இறங்கி அந்தக் கறுப்புக் குழம்பை அள்ளியவர்களில் குப்பத்து இளைஞர்கள் இருந்தார்கள். அனல் மின்நிலையச் சாம்பல், கொசஸ்தலை ஆற்று முகம், பாதுகாப்பு ஒத்திகையே காணாத தெருக்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். துணிந்து வாழ் என்று இந்த மக்களிடம் யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. அவர்களைக் கேட்காமலே அவர்கள் உயிரை வேறு யாரோ ஈடு வைத்திருக்கிறார்கள். தான் தேர்ந்த ஆபத்து வேறு. பிறர் தன் தலையில் கொண்டுவந்து கட்டிய ஆபத்து வேறு.

தான் தேர்ந்த ஆபத்தைப் பார்க்க வேண்டுமானால் காசிமேட்டுக்கு வரவேண்டும். கடலுக்குப் போவதை இங்கே 'தொழிலுக்குப் போறது' என்பார்கள், வேறு தொழிலே உலகத்தில் இல்லாததுபோல. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். பலகை மாற்றுவார்கள், இயந்திரத்தைப் பிரித்துப் பழுதுபார்ப்பார்கள், வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். இத்தனைக்கும் பணம் வேண்டும். வருமானம் இல்லாத மாதங்கள் வேறு. வீட்டுப் பெண்களின் தாலிச் செயினும் வளையலும் அடகுக் கடைக்குப் போகும். தடை நீங்கி, மீன் பட்டால் திரும்பி வரும். பெட்டியில் பூட்டிய நகை கடலில் படகாக ஓடுகிறது. கோப்பியம் போக்கியமாகும் இடம் இது. புயல் அறிவிப்பு வந்தால் அவர்களும் போவதில்லை, போகக்கூடாது. வானத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து, வேண்டாம் என்று படகைக் கட்டிப்போடத் தெரிந்தவர்கள்தான் நாற்பது ஆண்டு தொழில் செய்கிறார்கள். முழுதாக வாழ்வதை முட்டாள்தனமான சாகசத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் காசிமேட்டில் ஒரு விடியற்காலை நின்று ஏலத்தையும் படகுகளையும் பார்த்தால் போதும்.

பட்டினத்தாரைத் தொடாமல் ஒற்றியூரைப் பற்றி எழுத முடியாது. பூம்புகாரின் பெருவணிகர், கப்பல் சரக்கையும் கணக்கையும் ஒரே நாளில் விட்டு வந்தவர். அவரைத் துறவின் உருவமாக, வாழ்வை வெறுத்தவராகவே பேசுகிறோம். ஆனால் அவருடைய கடைசி நாளைப் பற்றி ஊர் சொல்லும் கதையில் வெறுப்பு எங்கும் இல்லை. கடற்கரை மணலில் சிறுவர்களோடு ஒளிந்து விளையாடுகிறார். கூடையால் என்னை மூடுங்கள் என்கிறார், மூடுகிறார்கள், வேறொரு பக்கத்திலிருந்து எழுந்து வருகிறார். மறுபடி மூடுகிறார்கள். ஒருமுறை திறந்து பார்த்தபோது லிங்கம் இருந்தது. கையில் இருந்த கரும்பின் நுனி இனித்த இடமே தன் இடம் என்று தேடி வந்தவர் அவர் என்பார்கள். அடியைவிட நுனி சப்பென்று இருப்பது கரும்பின் இயல்பு. வயதின் நுனி இனித்த ஒருவரை, அவர் எல்லாவற்றையும் விட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக, வாழாதவர் என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒருவர். இவரைப் பற்றிப் புராணம் இல்லை, கல்வெட்டு இருக்கிறது. எனக்கு ஒற்றியூர் மனிதர்களில் மிக நெருக்கமானவர் இவரே. பிறப்பு கேரளத்தில், பெயர் வல்லபன். கற்றுத் தேர்ந்து சோழ நாட்டுக்கு வந்தார். முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் வடக்கு எல்லையைக் காக்கத் திருமுனைப்பாடிப் பக்கம் படையோடு தங்கியிருந்த காலம். மலைநாட்டு வீரர்கள் பலர் அவனிடம் இருந்தார்கள். வல்லபன் அவனுக்கு அணுக்கமான படைத்தலைவராகவும் நண்பராகவும் ஆனார். 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு போர். கங்க அரசன் பூதுகன் யானைமேல் இருந்த இராசாதித்தனைக் கொன்றான். சோழர்கள் அவனை ஆனைமேல் துஞ்சினவன் என்றே பிறகு குறிப்பிட்டார்கள்.

அன்றைக்கு வல்லபன் அவன் பக்கத்தில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு அந்தக் கல்வெட்டு சாக்கு எதுவும் சொல்லவில்லை. தலைவனோடு சாகவேண்டிய நாளில் தான் உடன் இல்லாமல் போனது தன் குலத்துக்கும், தன் தந்தைக்கும், தன் தலைவனுக்கும் தகாத செயலாயிற்று என்று அவர் மனம் நொந்ததைச் சொல்கிறது. போருக்குப் போகாமல் பிழைத்துக்கொண்டவன் என்ற பெயரோடு ஊர் திரும்பி, நிலம் வாங்கி, நீண்ட ஆயுள் வாழ்ந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படி வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். வல்லபன் கங்கைக்குப் போய் நீராடினார். பற்று விட்டார். ஒற்றியூருக்கு வந்து, நிரஞ்சன குரு ஏற்படுத்திய குகை மடத்தில் துறவு ஏற்று, சதுரானன பண்டிதர் ஆனார். பத்தாண்டு கழித்து, 959 வாக்கில், கோவில் வழிபாட்டுக்குப் பொன் கொடுத்து அதை எழுதிவைத்தபோதுதான் தன் கதையையும் வடமொழிச் செய்யுளில் கல்லில் ஏற்றினார். அப்போது தொண்டைநாடு இராட்டிரகூடர் கையில். ஆகவே இராசாதித்தனுக்காக அழும் அந்தக் கல்வெட்டு, இராசாதித்தனைக் கொன்ற படையின் அரசனான கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டில் நாள் இடப்பட்டிருக்கிறது. பகைவனின் ஆண்டுக்கணக்கின் கீழே, நான் அன்று வரவில்லை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். கல்வெட்டுகளில் மன்னர்கள் வென்றதை எழுதுவார்கள், கொடுத்ததை எழுதுவார்கள். தான் தவறவிட்ட ஒரு நாளை இப்படி எழுதிவைத்தவர் எனக்குத் தெரிந்து தமிழகத்தில் வேறில்லை.

அந்த ஒரு நாளை அவரால் மீட்க முடியாது. மிச்சமிருந்த நாள்களை அவர் தரிசாக விடவில்லை. மடம் வளர்ந்தது, கற்பிக்கும் இடமாக, கோவில் நிர்வாகத்தின் நடுவாக நின்றது. சதுரானன பண்டிதர் என்பது ஒருவர் பெயராக நிற்காமல், அடுத்தடுத்து வந்த மடத் தலைவர்களின் பட்டமாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்து, சோழர் மீண்டெழுந்து, முதலாம் இராசேந்திரன் ஆண்டபோது அந்தப் பட்டத்தைத் தாங்கிய இன்னொரு சதுரானன பண்டிதர்தான் ஒற்றியூர்க் கோவிலின் விமானத்தைக் கருங்கல்லில் எடுப்பித்தார். கட்டியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன். யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானைமாட வடிவம். கருவறைக்குப் பின்னால் சுற்றி வரும்போது அந்த வளைவைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.